பொதுச் சுவர்

மர்டீனா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்றால் அதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு மட்டும் அவளிடம் ஒட்டுதல் உண்டு. எதிர் வீடு என்பதால் இருக்கலாம். நானும் அவளும் ஒரே பள்ளியில் படித்தோம் என்பதாலும் இருக்கலாம்.

எங்கள் தெருவில் எல்லாமே நிலக்கரிக் கம்பெனி கட்டிய வீடுகள். ஒரு கூரை, ஒரு புகைபோக்கி, நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். கம்பெனி போன பிறகு அவரவர் பாதியை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். அதனால் ஒரே வீடு பாதி பச்சையாகவும் பாதி வெள்ளையாகவும் நிற்கும். பக்கத்துப் பாதியில் யாராவது தும்மினால் இந்தப் பாதியில் உட்கார்ந்தபடியே "ஆண்டவர் காப்பாத்தட்டும்" என்று சொல்லலாம், கேட்கும்.

இடது பாதி மர்டீனாவுடையது. அப்பா அம்மா இருந்து வாழ்ந்து போன இடம். கல்யாணம் செய்துகொள்ளாமல், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வலது பாதியில் அவளுடைய தம்பி லாக்லனும் அவன் மனைவி ஜோசியும். லாக்லன் கொஞ்ச நாள் சுரங்கத்தில் இருந்தான், அது மூடியதும் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். ஒரே மகன் நாட்டின் மேற்குப் பக்கம், ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

செப்டம்பர் பிறந்தால் மர்டீனாவுக்குக் கை அரிக்கும். பிர்ச் மரத்தில் நாலு இலை மஞ்சளானால் போதும், நிலவறையிலிருந்து ஏணி வெளியே வந்துவிடும். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் சருகைக் கையாலேயே வாரிப் போடுவாள். குளிர்காலத்துக்கென்று இருக்கிற வெளி ஜன்னல்களைக் கழுவித் துடைத்து மாட்டுவாள். தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீரை வடித்து, நிலவறைக் குழாய்களுக்குத் துணி சுற்றி, புகைபோக்கிக்காரனைக் கூப்பிட்டு, அவன் போன பிறகு அவன் விட்டுப்போன கரியைத் தானே சுரண்டி, கடைசியில் குளிர்காற்று புகாமல் இருக்க வீட்டின் அடிச்சுவரைச் சுற்றி ஃபிர் மரக் கிளைகளை அணைத்து அடுக்குவாள். அதற்குமேல் அட்லாண்டிக் கடலே எழுந்து வந்தாலும் வரட்டும் என்று நிற்பாள்.

லாக்லன் இதற்கு நேர்மாறு. அவன் பாதியில் ஏணி சாய்ந்து நான் பார்த்த வருஷங்கள் குறைவு.

"டேய் லாக்கி! குளிர் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. அந்த மாடி ஜன்னலைப் பாருடா. சட்டம் உளுத்துப் போச்சு. ஜோசி கட்டிலுக்கு நேரா இருக்கு" என்று ஏணி மேலிருந்தே கத்துவாள்.

"பாக்குறேன்க்கா. அடுத்த வாரம்."

"எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

"நீ ஏணியில நிக்கிற அழகைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு வேலை எங்க ஓடுது?"

உள்ளேயிருந்து ஜோசி சிரிப்பாள். சிரிப்பு இருமலாக மாறும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு சரியில்லை. மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஈரத்தில் நின்று நின்று அது இன்னும் மோசமாகியிருந்தது.

ஒருநாள் நான் அவளைப் பார்க்கப் போனபோது, ஜன்னல் இடுக்கில் லாக்லனுடைய பழைய கம்பளிக் காலுறைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆளு ஒரு நாள் உக்காந்து இதைச் சரி பண்ணக் கூடாதா?" என்றேன்.

"விடு எஃபி. சனிக்கிழமை ஆனா என்கூட உக்காந்து சீட்டாடுறாரு. தோத்தா குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறாரு. அவரும் ஏணியில ஏறிட்டா எனக்கு யாரு இருக்கா? காத்து வந்தா வந்துட்டுப் போகட்டும்."

அந்தக் குளிர்காலத்தில், பிப்ரவரியில் ஒரு பெரும்புயல். மூன்று நாள் கதவைத் திறக்க முடியவில்லை. புயல் ஓய்ந்து ஆம்புலன்ஸ் வந்தபோது ஜோசிக்கு நிமோனியா முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருக்கவில்லை.

அவள் உடலை மாதா கோவில் மண்டபத்தில் பெட்டியில் வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மர்டீனாதான் விடியற்காலையில் எழுந்து சாண்ட்விச் செய்து கொண்டுவந்தாள். லாக்லன் பெட்டியின் தலைமாட்டில் தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றான். யாரோ ஒரு கிழவர் அவன் தோளைத் தட்டி, "எல்லாம் கடவுள் சித்தம் தம்பி. அவரு கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்.

மர்டீனா அப்போது தட்டோடு பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். "கடவுளை எதுக்கு இழுக்குறீங்க?" என்றாள். "அந்த ஜன்னல்தான் அவளைக் கொன்னுச்சு. நான் சொல்லாத வருஷம் இல்ல."

அவள் கத்தவில்லை. உப்பு குறைவு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. டீயைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிகள் நின்றன. லாக்லன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து அக்காவோடு பேச்சு இல்லை. பனி கரைந்ததும் துறைமுகத்துப் பக்கம் மீன்கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வலது பாதி பூட்டிக் கிடந்தது. உள்ளே கணப்பு இல்லை, தண்ணீர் இல்லை.

செப்டம்பர் வந்தது. மர்டீனா தன் பாதியை முடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போனாள். நான் ஓடிப் போய், "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"அவன் பக்கத்து வாய்க்கால் அடைச்சுக்கிட்டா தண்ணி என் நிலவறைக்குத்தான் வருது. அந்தப் பாதி குளுந்தா இந்தப் பாதி சூடா இருக்குமா? ஏணியைப் பிடி."

வாய்க்காலை அள்ளினாள். பிறகு யாரும் கேட்காமலே அந்த மாடி ஜன்னலுக்குப் போனாள். உளுத்த கட்டையை வெட்டி எடுத்து, புதுக் கட்டை பொருத்தி, இடுக்கு முழுக்க அடைப்பு மாவு பூசினாள். காலுறைகள் ஒவ்வொன்றாக என் காலடியில் வந்து விழுந்தன. நான் அவற்றை எடுத்து மடித்து என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து லாக்லனுடைய டிரக் வந்து நின்றது. தபாலை எடுத்துப் போக எப்போதாவது வருவான். இறங்கி வந்து ஏணியின் கீழே நின்றான்.

"இறங்கு."

"இறங்குறேன். இன்னும் இந்த ஒரு ஓரம்தான் பாக்கி."

"அக்கா, இறங்கு."

இறங்கினாள். கையில் மாவுக் குழல் இருந்தது.

"நீ செய்யாததை நான் செஞ்சேன். அதுக்கும் கோவமா?" என்றாள்.

"யாருக்காகச் செஞ்ச?"

அவள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"உள்ள யாரு இருக்கா? யாருக்குக் குளுருதுன்னு இப்ப வந்து அடைக்கிற?" அவன் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவ பெட்டிக்குள்ள கிடக்கும்போது எனக்கு ஒரு அக்கா வேண்டியிருந்துச்சு."

குழலிலிருந்து மாவு கசிந்து மர்டீனாவின் செருப்பில் சொட்டியது. கடைசியில் அவள் சொன்னது இதுதான்: "அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் சாண்ட்விச் போட்டது யாரு? நான்தானே?"

லாக்லன் சிரித்தான். அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை, மூக்கு வழியாக ஒரு காற்று. டிரக்கில் ஏறிப் போய்விட்டான்.

நவம்பர் நடுவில் ஒரு காலை மண்வாரி இயந்திரம் தெருவுக்குள் வந்தது. லாக்லன் வலது பாதியை இடிக்கக் கோடையிலேயே நகராட்சியில் அனுமதி வாங்கிவைத்திருந்தானாம். இடிக்கிற ஆளுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்ததாம். இதெல்லாம் எங்களுக்கு அன்றுதான் தெரியும். மர்டீனாவுக்கும்தான். லாக்லன் வரவில்லை.

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு தன் வாசற்படியில் வந்து நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். இயந்திரம் கூரையை ரொட்டி பிய்ப்பதுபோலப் பிய்த்தது. மாடி அறை திறந்துகொண்டது. மர்டீனா புதுசாகப் பூசிய ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து குப்பை வண்டிக்குள் போய் விழுந்தது. கண்ணாடிகூட உடையவில்லை.

"நல்லாத்தான் பூசியிருக்கேன்" என்றாள்.

மத்தியானத்துக்குள் வலது பாதி இருந்த இடம் வெட்டவெளி. நடுவிலிருந்த பலகைச் சுவர், வெறும் பலகை, இப்போது வெளிச் சுவராக நின்றது. அதன் மேல்பாதியில் ஜோசி ஒட்டிய மஞ்சள் பூப்போட்ட காகிதம் தெருவில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. சிலுவை தொங்கிய இடத்தில் மட்டும் பூக்கள் வெளுக்காமல் இருந்தன.

சுவரை மூடிக் கொடுப்பது இடிக்கிற ஆளின் பொறுப்பு. அவன் ஒரு நீலத் தார்ப்பாயை மேலே தொங்கவிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டான். திங்களும் போனது, செவ்வாயும் போனது. தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடிக்கிற சத்தத்தில் எதிர் வீட்டில் எங்களுக்கே தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிறு பனி கொட்டும் என்று வானொலியில் சொன்னார்கள். மர்டீனா சமையலறைக்குள் கட்டிலைப் போட்டுக்கொண்டு, கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நிலவறையில் அவள் துணி சுற்றிய குழாய்களில் ஒன்று அதற்குள் உறைந்துவிட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஆல்பன் அவளுக்குத் தெரியாமல் லாக்லனுக்குப் போன் போட்டார். "உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும் லாக்கி. இது வெறும் பலகைடா. கிழவி செத்துப்போவா."

"அவன் மூடலையா?" என்று கேட்டானாம். பிறகு, "சனிக்கிழமை வர்றேன்."

வந்தான். டிரக் நிறைய பிளைவுட், சுவருக்குள் குளிரைத் தடுக்கிற கண்ணாடிப் பஞ்சு, தார்க் காகிதம், சாரத்துக்கு மரம். ஆல்பனும் தெருவில் இன்னும் மூன்று நான்கு பேரும் கூட நின்றார்கள். மர்டீனா பக்கம் அவன் திரும்பவே இல்லை. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"எஃபி, அந்தம்மாகிட்டச் சொல்லு. மாடியில சாமான் எதையும் சுவரோட ஒட்டி வெக்க வேண்டாம். ஆணி அடிச்சா அதிரும்."

நான் திரும்புவதற்குள் வாசற்படியிலிருந்து பதில் வந்தது. "எஃபி, அந்த ஐயாகிட்டச் சொல்லு. நேத்தே நகத்தி வெச்சாச்சு."

"நகத்தி வெப்பாங்க. அவங்க எதைத்தான் முன்கூட்டியே செய்யல?"

"சொல்லு எஃபி, சில பேரு மாதிரி அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லன்னு."

சண்டை வந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் லாக்லனின் வாய் ஓரம் லேசாகக் கோணியது. ஆல்பன் சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். மர்டீனா உள்ளே போய் டீ போட்டு, அவன் கோப்பையை மட்டும் தனியாக என் கையில் கொடுத்தாள். சாரத்தின் மேல் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தவன், "சர்க்கரை பத்தலன்னு சொல்லு" என்றான். நான் சொன்னேன். அவள் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு போய் இன்னும் ஒரு கரண்டி போட்டு, தானே நின்று கலக்கினாள். ரொம்ப நேரம் கலக்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் முகம் தெரியவில்லை.

இன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் லாக்லன் மாடி உயரத்துக்குப் போனான். மஞ்சள் பூக்களின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றான். பிறகு பஞ்சை எடுத்து வைக்கத் தொடங்கினான். அவன் அப்படி வேலை செய்து நான் பார்த்ததே கிடையாது. மற்றவர்கள் கடகடவென்று அடித்துக்கொண்டு போக, அவன் ஒவ்வொரு துண்டையும் அளந்து வெட்டி, இடுக்கு விடாமல் செருகி, புறங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று தடவிப் பார்த்துத்தான் அடுத்த பலகையை எடுத்தான். விரல் விறைத்தால் வாயில் ஊதிக்கொள்வான். சாப்பிடக் கூப்பிட்டபோதும் இறங்கவில்லை.

மர்டீனா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அது பெருமைதான், இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

"பாத்தியா எஃபி, அப்படியே எங்க அப்பா கை. இவனுக்கு வேலை தெரியாம இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிடு தாயே என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இதுல கால்வாசி அன்னைக்கே அவளுக்குச் செஞ்சிருந்தா..."

சொன்னவுடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுத்தியல் சத்தம் நின்றது. காற்றும் அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்தது.

லாக்லன் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டான். சாரத்திலிருந்து நிதானமாக இறங்கினான். சுத்தியலை ஆல்பன் கையில் கொடுத்தான். பிறகு, அன்று முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"மிச்சத்தை நீயே அடிச்சுக்கோக்கா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"லாக்கி, நான் நல்லவிதமாத்தான்டா சொல்ல வந்தேன்..."

அவன் டிரக் கிளம்பிவிட்டது. அவள் தெரு முனை வரைக்கும் பின்னாலேயே போனாள். ஓடவில்லை, அவளால் ஓட முடியாது. ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி இருந்தது.

இருட்டுவதற்குள் ஆல்பனும் மற்றவர்களும் மிச்சத்தை எப்படியோ அடித்து முடித்தார்கள். சொன்னபடியே பனி வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவர் தாங்கியது. உச்சியில் நம்மவர்கள் அடித்த இடத்தில் வடகிழக்குக் காற்று வீசும்போது விசில் கேட்கும். லாக்லன் அடித்த இடத்தில் ஒரு நூல்கூட அசையாது. மர்டீனா மாடிக்குப் போவதில்லை, சமையலறையிலேயே இருந்தாள். நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"நான் பொய்யா சொன்னேன் எஃபி?"

"இல்ல."

"பின்ன?"

ஒரு தடவை எனக்குப் பொறுக்காமல், ஜோசி அந்த ஜன்னலடியில் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். சீட்டாட்டம், தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, அவரும் ஏணியில் ஏறிவிட்டால் எனக்கு யார் என்று கேட்டது, எல்லாம். மர்டீனா கேட்டுக்கொண்டே மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"இதை என்கிட்ட அவ சொன்னதே இல்லையே" என்றாள்.

"நீ எப்பவும் ஏணியில இருந்த."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

புத்தாண்டு கழித்து லாக்லன் ஆல்பர்ட்டாவில் மகனிடம் போய்விட்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கடையில் காசு வாங்குகிற பெண் போகிறபோக்கில் சொல்லித்தான் மர்டீனாவுக்கே தெரியும். முட்டையை அங்கேயே வைத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாள்.

மார்ச்சில் ஒருநாள் என் சமையலறைக்கு வந்து, "அவன் நம்பர் வேணும்" என்றாள். அவளுடைய போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கமாட்டான் என்று பயம். நான் லாக்லனின் மகனிடம் கேட்டு வாங்கியிருந்தேன். அவளை உட்காரவைத்து, கோவிலில் முதல் நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்லிக் கொடுத்தேன்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லு."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

"ஆனா அந்த ஜன்னல்..."

"மர்டீனா!"

"சரி, சரி. சொல்லல."

எண்களை நானே அழுத்திக் கொடுத்தேன். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. எடுத்தான். "ஹலோ" என்றான். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

மர்டீனா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "லாக்கி" என்றாள். "நான்... லாக்கி, நான்..."

அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது, போனை வைக்கவில்லை. இவள் சொல்லட்டும் என்று காத்திருந்தானா, வைக்க மனம் வராமல் இருந்தானா, தெரியாது. பிறகு அவன் குரல் வந்தது, பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளிடம் பேசுவது போன்ற மரியாதையான, தூரமான குரல்.

"தப்பான நம்பருங்க."

வைத்துவிட்டான்.

மர்டீனா கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அவன்தான்" என்றாள். "தொண்டை கட்டல. சளி ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கான்."

"இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்."

"வேண்டாம் எஃபி. தப்பான நம்பருன்னு சொல்லிட்டானே."

கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். வெளியே தெருவெல்லாம் கரைகிற பனியின் சேறு. கடந்துபோய்த் தன் பாதி வீட்டின் கதவைத் திறந்து உள்ளே போனாள். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை.